செட்டு லூசாகவில்லை

"தம்பி, செட்டு லூசாயிருச்சு." மதுரையில் பல் மெக்கானிக்காக வேலை பார்த்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பல் கட்டி இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் வருவார்கள். சிலர் கைக்குட்டையில் பொதிந்து, சிலர் வெற்றிலைப் பெட்டியில் போட்டு, ஒரு பெரியவர் எவர்சில்வர் டிபன் டப்பாவில் தண்ணீரோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். பேசினால் எழும்புகிறது, முறுக்கைக் கடித்தால் பின்பக்கம் தூக்குகிறது, நாக்கை அசைத்தால் கீழ் செட்டும் கூடவே வருகிறது. "நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. இப்ப பெருத்துப்போச்சு."

அக்ரிலிக் பெருக்காது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கோணிக்கொள்ளும், அது வேறு கதை. செட்டு செய்த அன்றைக்கு இருந்த அளவில்தான் இருக்கும். அதற்கு அடியில் இருந்த தாடைதான் கரைந்து போயிருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. "ஐயா, உங்க தாடை எலும்பு தேஞ்சிருக்கு" என்று ஒருவரிடம் சொல்லப்போக, "என் எலும்பு ஏண்டா தேயுது? இன்னைக்கும் ரெண்டு மைல் நடந்து வயலுக்குப் போறேன்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பழி செட்டின் மேல் விழட்டும் என்று விட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்.

எழுபதுகளின் நடுவில் அந்தத் தொழிலுக்குப் போனேன். மாசி வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் கடை. முன்னறையில் நாற்காலியும் எச்சில் துப்பும் கிண்ணமும். பின்னறையில் சுண்ணாம்புப் பொடி மாதிரி எங்கும் படிந்திருக்கும் பிளாஸ்டர், மெழுகு, ஸ்டவ், பாலிஷ் போடும் மோட்டார். கடையை நடத்திய என் மாஸ்டர், பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டமில்லாமலே வருடக்கணக்கில் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கென்று 'பி' பகுதி என ஒரு பதிவேடு வைத்தார்கள். அதில் பெயர் இருந்தவர் அவர். தொழில் கற்றது சென்னையில், ஒரு சீனப் பல் மருத்துவரிடம். சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து வந்து நம் நாட்டு நகரங்களில் பல் கட்டும் கடை போட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. சென்னையில் அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் என் வயதில் குறைவு. மாஸ்டர் அங்கே கற்றது அக்ரிலிக்குக்கு முந்தைய வித்தை: வல்கனைட் என்கிற கெட்டி ரப்பரில் தட்டு செய்து, பீங்கான் பல் பதிப்பது. பீங்கான் பல் வைத்தவர் சாப்பிட்டால் பக்கத்து இலைக்காரருக்கு டக் டக்கென்று கேட்கும்.

மாஸ்டருக்கு ஒரு கிறுக்கு உண்டு. செட்டு செய்ய இரண்டு தடவை அளவு எடுப்போம். வெந்நீரில் இளக்கிய தவிட்டு நிற காம்பவுண்டால் முதல் அளவு. அதில் ஊற்றிய அச்சை வைத்துத் தனித்தட்டு செய்து, கிராம்பு வாசம் அடிக்கும் பேஸ்டைத் தடவி இரண்டாவது அளவு. இரண்டாவது அச்சு மிஞ்சாது. செட்டை வேகவைத்துக் குடுவையிலிருந்து எடுக்கும்போது அதை உடைத்துத்தான் ஆக வேண்டும். முதல் அச்சு முழுதாக நிற்கும். ஊரில் எல்லாரும் அதைக் குப்பையில் போடுவார்கள். மாஸ்டர் போட மாட்டார். அடியில் ஊதா நிறக் காப்பியிங் பென்சிலால் தேதியும் ஊரும் எழுதி அலமாரியில் அடுக்குவார். அதே ஆள் ஆறு வருடம் கழித்துப் புது செட்டுக்கு வந்தால் புது அச்சும் பழையதன் பக்கத்தில் போய் உட்காரும். எனக்கு ஓய்வாக இருக்கும்போது அவற்றை எடுத்துப் பார்ப்பேன். புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் தாடை கரைவதை நான் பார்த்தது அங்கேதான்.

பல் எடுத்துச் சில மாதம் ஆனவர்களின் கீழ்த்தாடை அச்சு வயல் வரப்பு மாதிரி உயரமாக, மேலே உருண்டையாக நிற்கும். அதே ஆளின் அடுத்த அச்சில் வரப்பின் இரண்டு பக்கமும் சரிந்து உச்சி கூர்மையாகியிருக்கும். விரலால் தடவினால் கத்தி முனை தெரியும். அதற்கும் அடுத்ததில் கூர்மையும் போய்த் தட்டை. அதற்குப் பிறகும் வந்த சிலரின் அச்சில் நடுவில் பள்ளமே விழுந்திருக்கும். ஒரு மூதாட்டியின் அச்சில், முன்பக்க உட்புறம், நாக்கின் தசை பற்றியிருக்கும் சின்ன எலும்பு முண்டு மட்டும் தலை தூக்கி நின்றது. வேர் முளைக்கிறது என்று நினைத்து நான் மாஸ்டரிடம் கேட்டேன். "அது அங்கயேதான்டா இருந்துச்சு. சுத்தி இருந்ததெல்லாம் போயிருச்சு" என்றார்.

ஏன் போகிறது? நம் தாடையில் இரண்டு விதமான எலும்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் விளங்கும். அடித்தளம் ஒன்று, அது நம்மோடு கடைசிவரை இருக்கும். அதன்மேல் பல்லைப் பிடித்து நிற்கும் பகுதி இன்னொன்று. அது பல்லுக்காகவே வந்தது. பிறவியிலேயே பல் முளைக்காத குழந்தைகளுக்கு அந்தப் பகுதி வளர்வதே இல்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க நார்கள். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் பல் எலும்பை அழுத்துவதில்லை, அந்த நார்களைப் பிடித்து எலும்பை இழுக்கிறது. அந்த இழுப்புத்தான் எலும்புக்கு வேலை. வேலை கொடுத்த இடத்தில் எலும்பு தடிக்கும், வேலை நின்ற இடத்தில் இளைக்கும் என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892இலேயே எழுதிவைத்தார். பல் போனதும் இழுப்பு நின்றுவிடுகிறது. அதற்குப் பதில் நாங்கள் செய்து கொடுக்கும் செட்டு மேலிருந்து அழுத்துகிறது. இழுத்தால் வளரும் எலும்பு அழுத்தினால் கரையும். செட்டு போடாமல் இருந்தால் கரையாதா என்றால், அப்போதும் கரையும். ஒருவருக்கு வேகமாகவும் இன்னொருவருக்கு மெதுவாகவும் ஏன் கரைகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஒரே வீட்டு அக்கா தங்கைக்கு ஒரே மாதத்தில் பல் கட்டி, ஒருத்திக்கு வரப்பு நின்றதையும் ஒருத்திக்குத் தரைமட்டம் ஆனதையும் அலமாரியில் பார்த்திருக்கிறேன்.

குழி மூடினால் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். குழிக்குள் எலும்பு நிரம்பத்தான் செய்கிறது. ஆனால் அதே நேரத்தில் கன்னத்துப் பக்கச் சுவர் இடிந்துகொண்டிருக்கிறது. முன்பற்களில் அந்தச் சுவர் பல பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஒற்றைப் பல் எடுத்த இடத்தை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2003இல் வெளியிட்டார்கள். அகலத்தில் பாதி போய்விட்டது. போனதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்துக்குள். "மூணு மாசம் கழிச்சு வாங்க, அளவு எடுக்கலாம்" என்று மாஸ்டர் எல்லாரையும் திருப்பி அனுப்புவார். எந்த ஆய்வும் படிக்காதவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் பல் வேண்டும் என்று அடம்பிடித்து, எடுத்த கையோடு கட்டிக்கொண்டவர்கள் தாலிகட்டு முடிந்து மறுவீடு அழைப்பதற்குள் லூசு என்று வந்து நிற்பார்கள்.

மேல் செட்டைப் பற்றிப் பெரிதாகப் புகார் வராது. அண்ணம் முழுக்கப் பரவி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். செட்டு உட்கார மேலே சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர் இடம் உண்டு. கீழே ஏறக்குறைய 12தான். அந்தக் குறுகிய இடத்திலும் நடுவில் நாக்கு புரண்டுகொண்டே இருக்கும். போதாததற்கு, கரைவதும் கீழேதான் அதிகம். ஆன்ட்யே தால்கிரென் என்ற ஆய்வாளர் முழு செட்டு போட்டவர்களின் தாடையைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இருபத்தைந்து வருடம் வரை தொடர்ந்து அளந்து 1972இல் எழுதினார். முன்பக்கத்தில் கீழ்த்தாடை இழந்த உயரம் மேல்தாடை இழந்ததைப் போல நான்கு மடங்கு. கரைவது நிற்கவும் இல்லை, வேகம்தான் குறைந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் டக்ளஸ் அட்வுட் என்ற அமெரிக்க மருத்துவர், இதை வயோதிகம் என்று ஒதுக்காமல் வாயின் பெரிய நோய்களில் ஒன்றாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் மாடிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

முகம் மாறுவதும் இதனால்தான். மேல்தாடை கரையும்போது மேலேயும் உள்ளேயும் போகிறது. கீழ்த்தாடை கீழே இறங்கி வெளியே அகல்கிறது. உதடு உள்ளே மடிகிறது, கன்னம் ஒட்டுகிறது, மோவாய் மூக்கை நோக்கி ஏறுகிறது. நாடகத்திலும் கேலிச்சித்திரத்திலும் கிழவி என்று நாம் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தாடையைத்தான். முப்பத்தைந்து வயதில் பல் எல்லாம் போன ஒரு பீடி சுற்றும் பெண்ணை, கூட வந்த தங்கச்சியின் அம்மா என்று நினைத்து ஒருவர் பேசியதும் அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செட்டு போட்டதும் இருபது வயது குறைந்தது. சில வருடத்தில் மறுபடி ஏறியது.

எங்களிடம் வந்தவர்களில் மறக்க முடியாதவர் ஒரு நாதஸ்வரக்காரர். கோயில் உற்சவங்களுக்கு வாசித்தவர். மேல் பற்கள் ஆட்டம் கண்டு ஒவ்வொன்றாகப் போனபிறகு வந்தார். சாப்பிடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீவாளியை உதடு கவ்வும்போது பின்னாலிருந்து பல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மேல் ஸ்தாயி ஏறாது. மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்ததும், இடுப்பிலிருந்து சீவாளியை எடுத்து அதை மட்டும் ஊதிப் பார்ப்பார். கீழே மளிகைக் கடையில் நின்றவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்ப்பார்கள். "இன்னும் ஒரு நூல் முன்னாடி தள்ளுங்க" என்பார். மாஸ்டர் அரை நாள் அவருக்காகவே உட்கார்ந்து முன்பல்லை நகர்த்தினார். அந்த வருடம் சித்திரைத் திருவிழாவில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து, தானே வாசித்த மாதிரி இரண்டு நாள் திரிந்தார்.

ஆனால் முன்பக்கத்து எலும்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. வருடம் தவறாமல் லைனிங் போட வருவார். இழந்த எலும்பு அளவுக்கு செட்டின் உள்பக்கம் அக்ரிலிக் சேர்ப்பதுதான் லைனிங். சேர்க்கச் சேர்க்க செட்டு தடித்தது, உதட்டின் இழுப்பு மாறியது. நாக்கால் தட்டித் துத்துக்காரம் பிடிக்கும்போது பின்பக்கம் பிடி விட்டுப்போவதாகச் சொன்னார். பவுடர் போட்டு ஒட்டவைத்தால் ஒரு கீர்த்தனை தாங்கும், ராக ஆலாபனை தாங்காது. கடைசியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய அச்சுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த வருடம் கச்சேரி நின்றிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பல் வைத்தியர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ளும் நம்பிக்கை. பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை. எனக்கு அதன்மேல் கோபம் கிடையாது. அந்தப் பயத்தால் ஊரில் எத்தனை மேல் பற்கள் தப்பித்தன! ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. கீழே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மேலே சொந்தப் பல்லோடு வருவார்கள். சொந்தப் பல்லின் கடி முழு பலத்தோடு கீழ் செட்டின் மேல் இறங்கும். செட்டு அதை அப்படியே ஈறுக்கும் எலும்புக்கும் கடத்திவிடும். கீழ்த்தாடை சீக்கிரம் தரைமட்டமான அச்சுகள் அலமாரியில் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுடையவை.

என் அம்மாவுக்கு நாற்பது வயது தாண்டியதும் 'பயோரியா' என்று சொல்லி எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு நடந்தது. வருடக்கணக்கில் பல் வலியில் தூங்காமல் கிடந்தவள், அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று கடைசிவரை சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயோரியா தானே எலும்பைத் தின்னும் நோய். பல் இருக்கும்போதே பாதி வரப்பு போயிருந்தது. பிறகு மீதியும். அறுபது வயதில் அவளுக்கு நான் செட்டு கட்டும்போது கீழே கட்டுவதற்கு இடமே இல்லை. இடது பக்கம் மென்றால் "ஷாக் அடிக்குதுடா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு கடவாய்க்கு முன்னால் ஒரு துவாரம் வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. பல் இருக்கும் காலத்தில் அந்தத் துவாரம் பக்கவாட்டில், பத்திரமாகத் தாழ்ந்து இருக்கும். எலும்பு கரையக் கரைய துவாரம் உச்சிக்கு வந்துவிடுகிறது. அவள் சோற்றை மெல்லும்போதெல்லாம் என் செட்டு அந்த நரம்பின்மேல் உட்கார்ந்தது. அந்த இடத்தில் செட்டைக் குடைந்து கொடுத்தேன். கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம் மேல் செட்டை மட்டும் போட்டுக்கொண்டு, கீழ் செட்டைக் கல்யாண வீட்டுக்கும் போட்டோவுக்கும் என்று ஒதுக்கிவைத்தாள். "சாப்பிடுறதுக்குக் கழட்டி வச்சுட்டு, சிரிக்கிறதுக்குப் போட்டுக்கிறேன். போதாதா?" வெற்றிலையை மட்டும் விடவில்லை, இடித்துப் போட்டுக்கொண்டாள்.

மாஸ்டருக்கு வயதாகி நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தியபிறகு வெளி டாக்டர்களின் லேப் வேலைதான் எனக்குச் சோறு போட்டது. அதில் ஒரு டாக்டர் விசித்திரமான அச்சுகளை அனுப்புவார். பல் எல்லாம் போன கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல் இருந்த இடத்தில் மட்டும் ஈறு மட்டத்துக்கு இரண்டு குமிழ். கோரைப்பல்லை வேர் சிகிச்சை செய்து, ஈறோடு அறுத்து, வேரை உள்ளேயே விட்டுவிட்டு மேலே செட்டு கட்டச் சொல்வார். நோயாளிகளுக்கு அவர்மேல் கடுப்பு. "பிடுங்கிவிடத்தானே வந்தோம், வேரை எதுக்கு வைக்கிறாரு, இன்னொரு தடவை காசு வாங்கவா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்கும் முதலில் வேலை இரட்டிப்பு என்ற எரிச்சல்தான். ஒருநாள் அவரே லேப்புக்கு வந்து ஒரு கணக்கைச் சொன்னார். 1978இல் வெளியான ஆய்வு அது. ஐந்து வருடத்தில் முழு செட்டு போட்டவர்களுக்குக் கீழ்த்தாடை முன்பக்கம் 5.2 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கோரைப்பல் வேரை விட்டுவைத்தவர்களுக்கு 0.6 மில்லிமீட்டர். எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

பல வருடம் கழித்து அவருடைய நோயாளி ஒருவரின் புது அச்சு என் மேசைக்கு வந்தபோது, இரண்டு மூலையிலும் எலும்பு இறங்காமல் நின்றது. உயிர் நரம்பு எடுத்த, பார்க்க அசிங்கமான இரண்டு வேர்கள் செய்த வேலை. அன்றிலிருந்து வீட்டில், தெருவில், கல்யாணப் பந்தியில் யார் "எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒரே செட்டா கட்டிரலாம்னு இருக்கேன்" என்று சொன்னாலும் நான் கையைப் பிடித்து நிறுத்தாமல் விட்டதில்லை. ஆட்டம் காணும் பல்லை, சீழ் வைத்த பல்லை எடுக்கத்தான் வேண்டும். செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து, தேறக்கூடிய வேரையும் சேர்த்துப் பிடுங்குவதுதான் எனக்குப் பொறுக்காதது.

டைட்டானியம் ஆணி வைத்துப் பல் கட்டும் இம்ப்ளான்ட் பிற்பாடு வந்தது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனபோது அது எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதிலிருந்து பிறந்த வித்தை. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். 1982இல் டொராண்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் நம்பியது. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்டில் பூட்டிய செட்டே முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடியவர்கள் சொன்னார்கள். அந்த டாக்டர் கோரைப்பல் வேரால் செய்ததைத்தான் இவர்கள் ஆணியால் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆணி வைக்கவும் எலும்பு வேண்டும். எலும்பு மிச்சமிருப்பவருக்குத்தான் எலும்பைக் காக்கும் வைத்தியம் எளிது.

ஜார்ஜியா நாட்டின் த்மனிசியில் கிடைத்த மண்டையோடு ஒன்றைப் பற்றி 2005இல் பத்திரிகையில் படித்தேன். 17 லட்சம் வருடத்துக்கும் முந்தைய ஆள். ஒரே ஒரு பல்லைத் தவிர எல்லாம் போய், குழிகள் மூடி, வரப்பு கரைந்திருந்தது. செத்தபிறகு உதிர்ந்த பல்லாக இருந்தால் குழி அப்படியே திறந்து நிற்கும். எலும்பு கரைய, ஆள் உயிரோடு இருக்க வேண்டும். பல்லில்லாமல் பல வருடம் வாழ்ந்திருக்கிறார், யாரோ மென்மையானதைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு அளவு எடுக்கத் தோன்றியது. கீழே பிடி கிடைக்காது, லைனிங்குக்கு வருடா வருடம் வருவார்.

போன மாதம் என் கீழ்க் கடவாய்ப் பல் பிளந்துபோய் எடுக்க வேண்டியதாயிற்று. இளம் டாக்டர், பெண். பல்லை எடுத்த கையோடு குழிக்குள் எலும்புத் தூள் நிரப்பி மூடிவிடலாம், சுவர் இடியாமல் ஓரளவு தாங்கும், முழுக்கத் தடுக்காது என்று சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. கூட வந்திருந்த என் மனைவி, "என்ன எலும்பும்மா அது?" என்று கேட்டாள். மாட்டெலும்பிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த தூள் என்றார் டாக்டர். மனைவி என்னைப் பார்த்தாள். நாற்பது வருடமாகச் செவ்வாய், வெள்ளி என் தட்டில் முட்டைகூட வைக்காதவள். வேறு தூளும் இருக்கிறது, ரசாயனத்தில் செய்தது, விரும்பினால் அதை வைக்கலாம் என்றார் டாக்டர்.

"எதுல எலும்பு நிக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லி முடித்தார். மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்குப் புதன்தானே, மாட்டையே வைங்க" என்றாள்.